நடு உத்திரம்

உலகம்மன் துணை
தென்காசி, ஆனி 26, வியாழன்

அன்பு மகள் அனுசியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அம்மன் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினம் ஒரு விளக்குப் போடுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி. கீழே தையல் வகுப்பு நடத்துகிற ஜோதிலட்சுமி தன் போனில் இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது, இங்கே ஊருக்குள்ளும் பத்து நாளாக வெயில் முகமே இல்லை. எனக்குப் பயம் பிடித்ததும் அதிலிருந்துதான். நீ ஜெர்மனியிலிருந்து போட்டுக் கொடுத்த பிளான்படி பங்குனியில் வேலை முடிந்தது, மட்டப்பா மேல் வெள்ளைப் பூச்சு, அதன் மேல் இருபது சோலார் பலகை, அதைக் காற்றுத் தூக்காமலிருக்க சிமெண்ட் கட்டைகள். குறை சொல்லக்கூடாது, சித்திரை வெயிலிலும் இந்த நூறு வருஷத்து வீடு குளிர்ந்துதான் கிடந்தது, மீட்டரும் மெல்லத்தான் ஓடியது. அப்பா தேரடி வரைக்கும் ஆளை நிறுத்தி நிறுத்தி எம் மவ போட்ட பிளானு என்று சொல்லி வந்தார். சாரல் பிடித்த பிறகு வேறு மாதிரி. தினம் காலையில் தையல் மிஷின்கள் மேல் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடக்கிறது. நடு உத்திரம் சுவரில் ஏறுகிற இடத்தில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே சுண்ணாம்பைக் குழைத்துப் பூசித் தேதி போட்டேன், மூன்றாம் நாள் விண்டுவிட்டது. மறுபடி பூசினேன், இரண்டே நாள். நேற்றுப் பூசியது இன்றைக்கு நிற்கவில்லை. எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முப்பிடாதி கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இடுக்கில் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, உள்ள சோறு மாதிரில்லா இருக்கு, மேல உள்ள கனத்த இன்னைக்கே எறக்குங்க" என்றார். கட்டைகளுக்கு அடியில் இறங்கின தண்ணீர், பூச்சு மூடிக்கொண்டதால் காய வழியில்லாமல் மரத்திலேயே ஊறுகிறதாம். அப்பாவிடம் சொன்னால், "ஏட்டி, பெரிய பெரிய கட்டடத்துக்குக் கணக்குப் போடுத பிள்ளையவிட முப்பிடாதிக்குத் தெரிஞ்சிட்டோ, அப்ப அவனையும் ஜெர்மனிக்கு ஏத்தி விடுவோம்" என்று கேலி பண்ணுகிறார்.

உன் கணக்கில் பிழை இல்லை தாயி. வேலைக்கு முன்னால் நீ அனுப்பிய படிவத்தில் உத்திரம் என்ன மரம், எப்போதாவது மாற்றியதுண்டா என்று கேட்டிருந்தாய். எல்லாம் தேக்கு, மாற்றவில்லை என்று அப்பா எழுதினார். நீ மூன்று வயசுப் பிள்ளையாக இருந்தபோது ஒரு அடைமழையில் நடு உத்திரம் முறிந்தது. தேக்கு வாங்க அப்போது வகையில்லை, கடையத்திலிருந்து பனங்கட்டை கொண்டுவந்து ஏற்றி மூன்று பக்கமும் தேக்குப் பலகை அடித்து மூடினார்கள். தெருவில் நம்மைத் தேக்குவீட்டுக்காரர் என்பார்கள் அல்லவா, அந்தப் பேர் போகக்கூடாது என்று. படிவம் எழுதும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன், சொல்லிவிடுங்களேன் என்றேன். மவகிட்டயே போயி மானத்த விக்கவா என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

வருகிற ஞாயிறு பத்து மணிக்கு வியாபாரிகள் நாற்பது பேர் சோலாரைப் பார்க்க வருகிறார்கள். மட்டப்பாவிலேயே நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்க அப்பா ஏற்பாடு பண்ணிவிட்டார். அந்நேரம் கீழே பன்னிரண்டு பெண்பிள்ளைகள் தைத்துக்கொண்டிருக்கும். ஒரு வாரம் வகுப்பை மூடு என்று ஜோதிலட்சுமியிடம் சொன்னேன், "போங்க ஆச்சி, யூனிபாரம் மலையாட்டம் கெடக்கு, ஜெர்மனி பிளானு எங்க தலையிலயா விழப்போகுது" என்று சிரிக்கிறாள். முழுக் காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, படம் பிடிக்கையில் அவளே படித்துக்கொள்ளட்டும்.

நீ சனிக்கிழமைக்குள் அப்பாவைக் கூப்பிட்டு, கணக்கில் நான் தப்புப் பண்ணிவிட்டேன், பலகைகளை உடனே இறக்குங்கள், மேலே ஒரு ஆளையும் ஏற்றாதீர்கள் என்று சொல்லு. பனங்கட்டைப் பேச்சே எடுக்காதே. நான் சொல்லிக் கேட்காதவர், தப்பு உன்னுடையது என்றால் உன் மானம் போய்விடக்கூடாதே என்று அன்றைக்கே ஆள் கூப்பிடுவார். படித்த பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்கிறேன், அம்மன் அதை என் பேரில் எழுதிக்கொள்ளட்டும். நீ கூப்பிடாவிட்டால் ஞாயிறு விடிந்ததும் மாடிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் சொல்லை நான் தாண்டினதில்லை.

பேரனுக்கு என் முத்தம். அங்கே இப்போது கோடை என்றாலும் குளிர்காற்றுக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உங்கள் எல்லோருக்கும் உலகம்மன் கண் திறந்திருக்கட்டும். அங்கே சனி இரவு என்றால் இங்கே ஞாயிறு பிறந்துவிடும், நேரத்தைத் தவறவிட்டுவிடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும் அம்மா
ச. குருவம்மாள்