நாலு நிமிடம் குறைந்த கேசட்

1998 மார்ச் 15, ஞாயிறு. பகல் மூன்று மணி பத்து நிமிடம். வி.சி.ஆர். கவுண்டரில் 2317.

இந்த எண் எதுவென்று உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கை பின்னறைக் கதவின் கொண்டியில் படும் இடம். இங்கே படத்தை நிறுத்திவைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நின்ற படம் நடுங்குகிறது. ரொம்ப நேரம் இப்படி வைத்தால் டேப் தேயும் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சத்தம் போடுகிறவன் நான். இன்று தேய்ந்தால் தேயட்டும்.

காலையில் வி.சி.ஆரின் ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தேன். முன்பெல்லாம் அது ஞாயிற்றுக்கிழமை வாசனை. சர்ச் விட்டதும் நீ சட்டை கசங்காமல் குளத்தூரிலிருந்து பஸ் ஏறி, பாறசாலையில் நான் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் இந்த மாடிக்கு வருவாய். நான் துடைத்து முடிப்பதற்குள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருப்பாய். நவம்பருக்குப் பிறகு அதே பாட்டில் ஆஸ்பத்திரியாக மணக்கிறது. அதற்காகத் துடைக்காமல் இருக்க முடியாது.

மேசையில் இரண்டு கேசட்டுகள். ஒன்று நம்முடையது. இன்னொன்று வியாழக்கிழமை வந்தது; அதே படம், முழுசாக. ஒன்றேகால் வருஷமாக அதைத் தேடியது நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்க. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வாசகசாலையில் உன் நினைவாக இந்தப் படத்தைப் போடுகிறார்கள். எந்தக் கேசட்டைப் போடுவது என்பதில்தான் சண்டை.

வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதனால் முதலிலிருந்து.

1996. சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துகிற காலம். அந்த வெளிநாட்டுப் பேய்ப் படம் ஒரே ஒரு நாள் இரவலாகக் கிடைத்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கறுப்பு வெள்ளை, ஒரே வீடு, நாலு நடிகர்கள், ஜன்னலுக்கு மேலே ஹோஸ் பிடித்துப் பெய்கிற மழை. வசதியில்லாமல் எடுத்தது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நீ கேட்டாய் என்பதால் காப்பி போட்டேன். பழைய பிளேயரில் ஓட்டம், புது ரெக்கார்டரில் பதிவு. படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது கரண்ட் போனது. நான் சாயா குடிக்க இறங்கினேன். கடையில் பேச்சு நீண்டது. திரும்பி ஏறுவதற்குள் கரண்ட் வந்திருந்தது. பழைய பிளேயரின் பட்டன் அழுத்தினால் அழுந்தியே நிற்கும் வகை. கரண்ட் வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கியிருக்கிறது. ரெக்கார்டர் நல்ல பிள்ளையாகச் சும்மா நின்றிருக்கிறது. நான் பின்னால் ஓட்டிச் சரிபார்க்கவில்லை. பொறுமை கிடையாது. அவசரத்தில் ரெக்கார்டரில் முதலில் பிளேயை அழுத்தி, வெறும் டேப்பைக் கொஞ்சம் ஓட்டி, பிறகுதான் ரெக்கார்டை அழுத்தினேன். நாலு நிமிடப் படம் போயிற்று.

ஆக, நம் கேசட்டில் இப்படி: கை கொண்டியில். படமில்லாத திரையில் பத்தொன்பது நொடி வெறும் புள்ளி மழை. பிறகு விடிந்த சமையலறை. அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலை நனைந்திருக்கிறது. அவளுக்குப் பின்னால் அதே கதவு, கொண்டி போட்டபடி.

முதல் தடவை பார்த்தபோது நீ ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டாய். இப்படி வெட்ட ஒரு தைரியம் வேண்டும் என்றாய். ஒரு வாரம் முழுக்க அந்த டைரக்டரின் புகழ்தான். நான் ஒரு வாரம் பொறுத்ததே அதிகம்.

“அது எடுத்தவனுக்க வேல இல்லலே. கரண்டு போனதாக்கும். நான் சாயா குடிக்கப் போனேன்.”

நீ அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. “செரி. அவனுக்குத் தெரியாத்தது கரண்டுக்குத் தெரிஞ்சிருக்கு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழுதைப் பழுது என்று ஒத்துக்கொள்ளாதவனோடு என்ன பேசுவது? நீ பேசவில்லை, வரைந்தாய். டுட்டோரியலில் கணக்கு வாத்தியார் இல்லையா, கிராப் பேப்பர் எடுத்துவந்தாய். குறுக்கே நிமிடங்கள். மேலே, ஆளுக்கும் கதவுக்கும் நடுவில் எத்தனை அடி. படத்தில் நாலு தடவை அந்தக் கதவை நோக்கிப் போகிறார்கள். முதல் தடவை கணவன் பத்தடி தள்ளி நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிடுகிறான். இரண்டாவது, ஆறடி, கையிலிருந்த விளக்கு அணைகிறது. மூன்றாவது, இரண்டடி, கொண்டி ஏற்கெனவே திறந்து கிடக்கிறது, அவனே எட்ட நின்று கையை நீட்டி அதைப் போட்டுவிட்டுத் திரும்புகிறான். நாலாவது, மனைவியின் கை. கோடு படிப்படியாக இறங்கிப் பூச்சியத்தைத் தொட்டது. “பேயி எங்க வருது காட்டு” என்றாய். ஒரு இடத்திலும் வரவில்லை. அடி குறைகிறது, அவ்வளவுதான்.

தோற்கப் பிடிக்காமல் நானும் உட்கார்ந்தேன். சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரை மாட்டி, முள்ளைப் பார்த்தேன். முதல் தடவை காற்று, கடிகாரம், நாய். இரண்டாவது தடவை நாய் இல்லை. மூன்றாவதில் கடிகாரம் இல்லை. நாலாவதில் காற்றும் நின்று, முள் செத்துக் கிடந்தது. நீ அதைச் சிவப்பு மையில் கிராப்பில் ஏற்றி, பக்கத்தில் என் பெயரை எழுதினாய். விடுபட்ட நாலு நிமிடத்துக்கு மட்டும் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டாய். “உனக்காகப் போட்டதாக்கும்” என்றாய்.

அப்போதுதான் அதைச் சொன்னாய்: “கதவு அடச்சிருக்கது வரதான் பயம், மக்கா. தொறந்தா பின்ன சந்தோசம், இல்லெங்கி துக்கம். பயத்துக்கு அங்க சோலி இல்ல.”

டுட்டோரியல் பேச்சு என்று தள்ளிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவில் உன் வீட்டு முன்னறையில் ஒரு மத்தியானம் போட்டுக் காட்டினோம். தலை எப்படி நனைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உன் அப்பா, கூரை ஒழுகியிருக்கும் என்றார். உன் சித்திதான் முடித்துவைத்தாள்: “அவ சபை மாறி முழுக்கு எடுத்திட்டா ஆக்கும்.” பெந்தெகொஸ்தேக்குப் போய்த் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்த தன் நாத்தனாரை நினைத்துச் சொன்னது அது; உன் அம்மா அடுக்களையிலிருந்தே அதட்டினாள். நீ மட்டும் சிரிக்கவில்லை. படம் முழுக்க டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாய். புள்ளி மழை வந்தபோது திரையைப் பார்க்காமல் இவர்களைப் பார்த்தாய். அங்கே என்ன இருக்கிறது பார்க்க என்று கேட்டேன். “ஒவ்வொருத்தரும் அவியவியளுக்க பேயப் பாக்காவ. மொகத்துல தெரியும்” என்றாய்.

அன்று சபதம் போட்டேன். முழுப் படத்தைக் கொண்டுவருவேன், நீ எல்லார் முன்னாலும் நின்று தோற்றேன் என்று சொல்ல வேண்டும். “கொண்டு வா, பாப்போம்” என்றாய்.

பிறகு போன நவம்பர். மஞ்சள்காமாலை. பதினெட்டு நாள். கடைசி மத்தியானம் உன் அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். உன்னை வைத்திருந்த அறைக்கு வெளியே நான் மட்டும். கதவுக்குப் பன்னிரண்டடி தள்ளி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றேன். நர்ஸ் கதவைத் திறந்து வந்து என்னைப் பார்த்தாள். அந்த நிமிடமே நீ சொன்னது எனக்குப் புரிந்தது என்று எழுதினால் அது பொய். அன்று ஒன்றும் புரியவில்லை.

வியாழக்கிழமை புரிந்தது. முழுக் கேசட்டைப் போட்டு, உன் புள்ளிக்கோட்டு இடத்துக்கு வந்தேன். கதவு திறக்கிறது. சாக்கில் பசை தடவிப் போர்த்திக்கொண்ட ஒரு ஆள் வருகிறான். முதுகில் ஜிப் தெரிகிறது. மேளதாளம்போல இசை. வீட்டின் சொந்தக்காரர் ஓடிவந்து அது யார், ஏன் என்று ஒன்றரை நிமிடம் விளக்குகிறார். அந்தப் பெண் விளக்கு விழுந்து பிடித்த தீயை அணைக்க வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள், தன் தலையிலும் விழுகிறது. நாம் வருஷக்கணக்கில் சண்டை போட்ட தலைமுடிக்கு ஒரு வாளித் தண்ணீர் பதில். நான் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அந்தத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நான் ஏன் பன்னிரண்டடியை ஒரு அடிகூடக் குறைக்கவில்லை என்று தெரிந்தது. பயம் இருந்தவரை நீ இருந்தாய்.

நீ சொன்னது சரி. ஒன்றேகால் வருஷம் தேடி, உன் பக்கத்துச் சாட்சியை நானே கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். இதைக் கேட்டு நீ பல்லைக் காட்டியிருக்க வேண்டும். அதற்கு நீ இல்லாதது எனக்கு இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாசகசாலை செக்ரட்டரி சதாசிவன் அண்ணன் வந்தார். நல்ல மனிதர்; உன் படத்துக்குச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார். “டேய், முழுசு கிட்டியாச்சல்லோ. பின்ன எதுக்கு கேடான கேசட்டு? செத்தவனுக்கு ஒரு மரியாத வேண்டாமா?” அதுதான் மரியாதை என்றேன். டிப்ளமோ படித்த நான் கரண்ட் போன கேசட்டைப் போட்டுக் காட்டினேன் என்று ஆட்கள் சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டும், தப்பு என்னுடையது, அதை மறைக்க மாட்டேன் என்றேன். முழுசாகக் காட்டாவிட்டால் வாசகசாலைச் சாவி கிடையாது என்று சொல்லிவிட்டு இறங்கினார். படியில் நின்று திரும்பி, “அப்படி அதுல என்னலே இருக்கு?” என்று கேட்டார். நான் சொல்லவில்லை. பத்து நொடி அங்கேயே நின்றார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கவுண்டர் இன்னும் 2317. இனி நான் செய்யப்போவது:

1. நம் கேசட்டைத்தான் போடுவேன். விடுபட்டதை ஒட்ட மாட்டேன். புள்ளி மழையில் ஒரு நொடிகூடக் குறைக்க மாட்டேன்.

2. சாவி வராவிட்டால் என் டிவியையும் வி.சி.ஆரையும் ஆட்டோவில் ஏற்றி உன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோவேன். அம்மாவிடம் கேட்டாயிற்று. உட்கார சர்ச்சிலிருந்து பெஞ்ச் தரும்படி சித்தி சொல்லியும் வைத்துவிட்டாள்.

3. முழுக் கேசட்டை அழிக்க மாட்டேன்; திங்கள்கிழமை கொடுத்தவரிடம் சேர்ப்பேன். அதில் என்ன இருந்தது என்று யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன். சித்தி கேட்டால் முழுக்குதான் என்பேன்.

4. உன் கிராப்பில் அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் மை ஓட்ட மாட்டேன். முழுப் படம் கிடைத்தால் ஓட்டுவதற்கென்றே வாங்கிய பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

5. படம் முடிந்த பிறகு, அதற்கு முன்னால் இல்லை, எழுந்து நின்று கரண்ட் போனதையும் சாயா குடித்ததையும் சொல்லி, தோற்றேன் என்பேன். சபதத்தில் நீ சொல்ல வேண்டிய வாக்கியம் அது.

6. 2317 வரும்போது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, டிவிக்குப் பக்கத்தில், நீ நின்றதுபோல் சுவரில் சாய்ந்து நிற்பேன். பத்தொன்பது நொடியும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்.