மாமனார் அறைக்குக் கீழே ஒரு மோட்டார்

மார்ச் 3, செவ்வாய்

கராஜ் கதவு இன்று பாதியில் நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, சங்கிலி நகரவில்லை. துடைப்பக் கட்டையால் ஒரு தட்டு தட்டினேன். ஏறியது. மாலையில் ஃபிட்டர் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பல்சக்கரம் தேஞ்சு போச்சு சார். இன்னும் ரெண்டு மூணு வாரம் ஓடும். அதுக்குள்ள புது மோட்டார் பாத்துக்குங்க" என்றார்.

மனைவி, "நீங்களே பாத்து வாங்குங்க. ஆனா இந்த வருஷத்துக்குள்ள வாங்குங்க" என்றாள். இஸ்திரிப் பெட்டி வாங்க நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டதைச் சொல்லிக் காட்டுகிறாள். கடை கடையாகப் போய்த் தராசு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் உத்தியோகம். எதையும் பார்த்த மாத்திரத்தில் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வர முடியுமா?

மார்ச் 4, புதன்

நோட்டில் அட்டவணை போட்டாயிற்று. சங்கிலி — பலசாலி, சத்தம் அதிகம். ரப்பர் பெல்ட் — சத்தம் குறைவு. திருகுத் தண்டு — குளிர் வந்தால் முரண்டு பிடிக்குமாம். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுகிற வகை — நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டில் அந்த இடத்தில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அடித்துவிட்டேன்.

மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடுமா, கதவின் எடைக்கு இழுவை போதுமா என்றும் கட்டம் கட்டியிருக்கிறேன். மொத்தம் பதினோரு கட்டம்.

மார்ச் 7, சனி

கடைக்காரர் என் நோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கராஜுக்கு மேல ரூம் இருக்கா? யார் இருக்கா அதுல?" என்றார். மாமனார் என்றேன்.

"அப்ப பெல்ட்தான் சார், வேற பேச்சே இல்ல. பெரியவர் மேல படுத்திருக்கும்போது கீழ செயினைப் போட்டுத் தடதடன்னு ஆட்டினா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறது. அதில் பதினோரு வருஷமாக மாமனார் அதற்கு மேல்தான் இருக்கிறார். மாமியார் போன பிறகு எங்களோடு வந்தவர். ஒரு நாளாவது 'இது குறை' என்று சொன்னதுண்டா? சாம்பாரில் உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறோமே என்ற கூச்சம். எனக்கும் மாமனார் என்ற கூச்சம். இதுவரை நாங்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்ததில்லை.

அவர் கேட்காமலே அவருக்கு ஒரு நல்லது செய்ய இது வாய்ப்பு. சத்தமில்லாத மோட்டார்தான். தீர்மானம்.

மார்ச் 8, ஞாயிறு

சத்தம் எவ்வளவு குறைகிறது என்று தெரிய, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். கைபேசியில் சத்தம் அளக்கிற செயலியை இறக்கிக்கொண்டு மாமனார் அறைக்குப் போனேன். மனைவி கீழே கதவைத் திறந்து மூடினாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை?"

"சத்தம் அளக்கறேன், மாமா."

"ஆங்?"

"சத்தம்! அளக்கறேன்!" முள் எகிறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து.

அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் போகும். ஆணித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் நின்றவர். காது கருவி மேஜை இழுப்பறையில் தூங்குகிறது. போட்டால் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும்தான் பெரிதாகக் கேட்கிறதாம்.

அளவு: 71 டெசிபல். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

வேலை சீக்கிரம் முடிந்து பகல் மூன்று மணிக்கே வீடு வந்துவிட்டேன். காரை நிறுத்திக் கை கழுவிவிட்டு வந்தால், மாமனார் தேநீரோடு நிற்கிறார். எனக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. மனைவிக்குச் சர்க்கரை இல்லாமல். அவள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் முறை மாற்றி வேலை பார்க்கிறவள், எந்த நேரம் வருவாள் என்று அவளுக்கே தெரியாது. வந்தால் தேநீர் தயார். பாவம், ஜன்னலே கதியாக உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பெல்ட் மோட்டார் வாங்கிவிட்டேன். பதின்மூன்றே நாள். கடைக்காரர் சொன்னார் என்று, மோட்டாருக்கும் கூரை விட்டத்துக்கும் நடுவே வைக்க ரப்பர் திண்டும் நான்கு வாங்கினேன். அதிர்வு மேலே போகாதாம்.

மார்ச் 18, புதன்

மாட்டியாயிற்று. கதவு எழும்புவதே தெரியவில்லை. மாமனார் அறையில் அளந்தேன்: 38. அதுவும் மோட்டார் இல்லை, ஜன்னலுக்கு வெளியே கத்திய காக்கை.

"இனிமே நிம்மதியா தூங்கலாம் மாமா!" என்று காதில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, எனக்காகப் பாத்துப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றார்.

மனைவிக்குத்தான் இன்னும் பழகவில்லை. தெரு முனையிலேயே ரிமோட்டை அழுத்துவாள், அதற்குக் கேட்டதோ இல்லையோ என்று மறுபடி அழுத்துவாள். ஏறுகிற கதவு நின்றுவிடும். இன்னொரு தரம் அழுத்தினால் இறங்கும். அப்புறம்தான் ஏற்றுவாள். பழைய மோட்டாரிலும் இதே கூத்துதான். என்ன, இப்போது சத்தமில்லாமல் நடக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

தேநீர் இல்லை. கூடத்தில் என்னைப் பார்த்ததும் மாமனார் திடுக்கிட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

அடுப்பு மேடையில் நான்கு கோப்பைத் தேநீர், நான்கும் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தன. "எப்ப வருவீங்கன்னு தெரியல" என்றார். என்றைக்குத் தெரிந்தது?

மார்ச் 27, வெள்ளி

மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். பகலெல்லாம் அங்கேதானாம், எதிர்வீட்டு அம்மா வாசல் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். மனைவி சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சுங்க. அடுப்பை அணைக்க மறந்தா என்ன ஆகும்?"

படியில் வழுக்காத பட்டை ஒட்டலாம் என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

கொழுந்தியாள் போனில் பேசினாள். "எங்க வீட்ல எந்நேரமும் ஆள் இருக்கும்கா. அப்பாவை இங்க அனுப்பிடு." ஆறு மணி நேரப் பயணத் தூரம். மனைவி ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. உங்களுக்குத் தொந்தரவு வேணாம்."

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி கொழுந்தியாள் காரோடு வருகிறாள்.

பதினோரு வருஷம் அவர் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. இப்போது திடீரென்று எப்படிப் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 1, புதன்

டாக்டர் கேள்விகளை எழுதிக் காட்டிச் சோதித்தார். தேதி, கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தல். முப்பதுக்கு முப்பது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன், எழுபத்தொன்பதில் தடுக்கி விழுந்தேன்.

"மூளை கண்ணாடி மாதிரி இருக்கு. வேற ஏதாவது கவலை இருக்கும்" என்றார் டாக்டர்.

என்ன கவலை? கேட்டால், "ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை" என்கிறார். அவர் வாயிலிருந்து குறையை வரவழைப்பதற்கு எந்தத் தராசும் கிடையாது.

ஏப்ரல் 4, சனி

பெட்டி கட்ட உதவலாம் என்று அவர் அறைக்குப் போனேன். ஜன்னல் திரையை மடிக்க விலக்கினேன். பக்கத்து வீட்டுச் சுவர். வேறெதுவும் இல்லை. இந்த ஜன்னலிலிருந்து தெருவே தெரியாது. பதினோரு வருஷமாக நான் இதைக் கவனிக்கவில்லை. தராசில் கடுகளவு வித்தியாசம் என்றால் கண்டுபிடிப்பேன்.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். மாமனார் திடுக்கிட்டு, "எப்பம்மா வந்தே?" என்றார்.

"இப்பத்தான்பா! கதவு திறந்துச்சே!"

"திறந்துச்சா?" குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மனைவியைக் கீழே அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்து, காதில் வாயை வைத்துக் கேட்டேன். விடவில்லை. மூன்று தரம் "ஒண்ணும் இல்ல" என்றார். நான்காம் தரம் சொன்னார்.

"முன்னாடி கட்டில் ஆடும் மாப்பிள்ளை. கால்ல வந்து சொல்லும். ஒரே மூச்சா ஆடினா நீங்க. ஆடி, நின்னு, ஆடி, நின்னு, மறுபடி ஆடினா அவ. நான் எறங்கிப் போய் அடுப்பைப் பத்த வைப்பேன். இப்ப ஒண்ணும் தெரியல. வீட்ல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல."

"அதை ஏன் மாமா சொல்லலை?"

"எனக்காகன்னு வாங்கினீங்க. எப்படிச் சொல்றது?"

அட கடவுளே. காது கேக்காத மனுஷனுக்கு சத்தமில்லாத மோட்டார் வாங்கியிருக்கேன். பதினோரு கட்டம் போட்டு, அளந்து பாத்து, ரப்பர் வேற வச்சு. நானெல்லாம் ஒரு அதிகாரி. என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். இல்ல — அவர் தலையில போட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு. கடைக்காரரிடம், "இதைத் திருப்பி எடுத்துக்குங்க. இருக்கறதுலயே நல்லா ஆட்டற செயின் மோட்டார் குடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேல பெரியவர் இருக்கார்னு சொன்னீங்களே?"

"அவருக்குத்தான்."

மாமனாருக்கும் எனக்கும் ஏதோ சண்டை என்று முடிவு கட்டிவிட்டார். "பெரியவங்களை அனுசரிச்சுப் போகணும் சார்" என்று புத்தி சொன்னார். சொல்லட்டும். மூன்று மோட்டாரை ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தேன். நடுவில் இருந்ததைத் தொட்டதும் பல்லே கிடுகிடுத்தது. அதையே எடுத்தேன். அரை மணி நேரத்தில் கடையை விட்டு வெளியே வந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 8, புதன்

ஃபிட்டர் வந்தார். ரப்பர் திண்டு வேண்டாம், விட்டத்தோடு நேராக முடுக்குங்கள் என்றேன். "ஆடும் சார்." "ஆடணும்." முடுக்கினார். எங்கள் படுக்கையறையில் அலமாரிக் கண்ணாடி கடகடக்கிறது. மனைவி பரணிலிருந்து விழ இருந்த தகர டப்பாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள்.

மாமனாரிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் 'எனக்காக எதுக்கு' என்று ஆரம்பித்துவிடுவார். பழையபடி ஓடட்டும், அவரே தெரிந்துகொள்வார், போவதா இருப்பதா என்றும் அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். பெட்டி இன்னும் கட்டியபடியே கதவோரம் நிற்கிறது. நாளை மறுநாள் மறுநாள் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டு, தப்பு என்று தெரிந்து, மறுபடி போட்டேன். நான்கு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

புது ரிமோட்டின் பொத்தான் கெட்டி. தெரு முனையில் அழுத்தினேன். பட்டதோ இல்லையோ என்று மறுபடி அழுத்தினேன். ஏறிய கதவு நின்றது. இன்னொரு தரம் அழுத்தினேன், இறங்கியது. அப்புறம் ஒரு வழியாக ஏற்றிக் காரை உள்ளே விட்டேன். வீடே உதறியது.

கை கழுவிவிட்டு வந்தேன். மாடிப்படியில் யாரும் இல்லை. மேஜையில் ஒரு கோப்பை, ஆவி பறக்கிறது. பக்கத்தில் மாமனார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"என்ன மாப்பிள்ளை, அவளை மாதிரி வர்றீங்க?"

சர்க்கரை டப்பாவை எடுக்கத் திரும்பினார். வேண்டாம் என்று கையை அமர்த்திவிட்டு, சோபாவில் அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

தேநீரில் சர்க்கரையே இல்லை. "நல்லா இருக்கு மாமா!" என்று வலது காதில் கத்திவிட்டு, முழுவதும் குடித்தேன்.