அண்டாவின் சாவி

மார்ச் 3
கல்யாணத்துக்குப் போன கிண்ணங்கள் திரும்பின. இரண்டில் விளிம்பு உடைசல்; குறித்துக்கொண்டேன். எங்கள் குடியிருப்பான மஹல்லாவின் பெண்கள் சபைக்கு என்னைத் தலைவியாக்கியதிலிருந்து பொதுப் பாத்திர அறையின் சாவி என் கழுத்தில்தான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு சரோஃபத் வந்தாள். செத்துப்போன புருஷனுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிச் சோறு போடப் பெரிய அண்டா வேண்டுமாம். போன பருத்தி அறுவடையின்போது சந்தையில், ரொட்டி வரிசையில் குண்டை வெடிக்க வைத்துத் தானும் செத்தானே இல்ஹோம், அவனைப் பெற்றவள். என் மகள் ஷஹ்லா அந்த வரிசையில்தான் நின்றாள்.

"ஒன் வீட்டுக்கு அண்டா கிடையாது."

"எம் புருஷன் என்ன பாவம் செஞ்சாரு அக்கா?"

"ஒன் புள்ளைக்கு அப்பனா இருந்தாரே, போதாதா?"

மார்ச் 5
அவள் வீட்டில் நாற்பதாம் நாள் சோறு இல்லை. யாரும் போகவும் இல்லை. தொழுது முடித்துக் கையேந்தியபோது அவள் அடுப்பு என்றைக்கும் எரியக் கூடாது என்றுதான் கேட்டேன். படைத்தவனிடமே மறைக்கவில்லை, இங்கே மறைப்பானேன்? மனசு குளிர்ந்தது.

மார்ச் 11
மஹல்லாத் தலைவிகளை மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். எங்கள் பகுதிக் காவல் அதிகாரி தவ்லத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு தாளை வாசித்தார். நாங்கள் மன்னித்துவிட்டோமாம், அமைதி திரும்பிவிட்டதாம், மேற்கொண்டு விசாரணை வேண்டாமாம். கீழே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

"பெரியம்மா, புள்ளையப் பறிகொடுத்த நீங்களே மன்னிச்சுட்டா ஊரே அடங்கிரும்."

"தனி ஆளாவா குண்டு செஞ்சான்? கூட இருந்தவன் யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல. மன்னிக்கிறத அப்புறம் பாப்போம்."

மேல் மஹல்லாத் தலைவி ஓய்தின், அவளும் அந்த வரிசையில் புருஷனை இழந்தவள், சத்தமாகச் சிரித்தாள். "சோறு இன்னும் வேகல, அதுக்குள்ள கை கழுவச் சொல்றாரு!"

யாரும் கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்ததும் ஓய்தின் என் கையைப் பிடித்தாள். "இல்ஹோமப் பெத்தவ குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடியே தவ்லத்துகிட்ட போயி மகனப் பத்திச் சொல்லியிருக்காளாம். நீ விசாரி."

மார்ச் 12
பொய். பொய்யாகத்தான் இருக்கும்.

மார்ச் 14
பொய்யைப் பிடிக்கத்தான் போனேன். சரோஃபத் ரொட்டியைப் பிட்டு முன்னால் வைத்தாள். அதைத் தொடாமல் எழுந்து வருவது எப்பேர்ப்பட்ட அவமதிப்பு என்று தெரிந்தேதான் தொடவில்லை.

"தவ்லத்துகிட்ட போனியா?"

"போனேன் அக்கா. எம் புருஷனும் கூட வந்தாரு. 'யார் யாரோ வர்றாங்க, மூட்டை மூட்டையா என்னமோ கொண்டாந்து வைக்கிறான், புள்ளையப் புடிச்சு உள்ள போடுங்க'ன்னு கால்ல விழுந்தோம். 'ஒரு பொண்ணப் பாத்துக் கட்டி வை, எல்லாம் சரியாயிரும்'னு சிரிச்சாரு."

"இத்தன மாசம் ஏன் வாயத் தொறக்கல?"

"யாருகிட்ட தொறக்க? ஒரு அண்டா கேட்டதுக்கே…"

மார்ச் 15
அவன் ஊற்றிய தேநீரைக் குடித்தேனே! இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேனே! யா அல்லாஹ் – எம் மவ மண்ணுக்குள்ள கெடக்கா, அவன் என்ன மன்னிக்கச் சொல்றான். யாரை மன்னிக்கச் சொன்னான்? தன்னைத்தானே?

மார்ச் 21
நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு. முளைகட்டிய கோதுமைக் கூழ் கிண்டப் பெண்கள் எல்லாரும் அண்டாவைச் சுற்றி. சரோஃபத்தைக் கூட்டிவந்து துடுப்பை அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ரோபியா முகத்தைத் திருப்பினாள்.

"இவ கிண்டினத எம் புள்ளைங்க திங்காது."

"ஒனக்குத் திங்கப் புள்ளைங்க இருக்கு. எனக்கு இல்ல. நானே நிக்கிறேன், நீயும் நில்லு. சரோஃபத், எங்கிட்ட சொன்னத ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னாள். துடுப்பு நின்றுவிட்டது. கூழ் அடிப்பிடித்தது, யாருக்கும் நாற்றம்கூடத் தெரியவில்லை.

மார்ச் 27
ஓய்தினும் நானும் மற்ற தலைவிகளுமாக, சரோஃபத்தை நடுவில் விட்டு, அரசு வழக்கறிஞரிடம் போனோம். வாசற்படியில் தவ்லத்.

"பெரியம்மா, ஊர் அமைதியக் கெடுக்காதீங்க."

"அமைதி இத்தன நாளும் ஒங்க வீட்லதான் இருந்துச்சு தம்பி. அத வாங்கிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்."

ஏப்ரல் 9
தவ்லத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் விசாரணை. முன்னால் உட்காருவேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை உயிர் இருக்கட்டும் என்று துஆ கேட்கிறேன்.

சாயங்காலம் சரோஃபத் வந்தாள். புருஷனுக்கு விட்டுப்போன சோற்றை ஆக்க வேண்டுமாம். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினேன்.

"எம் மகன் பேரையும் சேத்து ஓதிக்கட்டுமா அக்கா?"

"கூடாது. இந்த அண்டாவுல கூடாது."

தலையாட்டினாள்.

ஏப்ரல் 11
அண்டா திரும்பியது. நன்றாகத் தேய்த்திருக்கிறாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாது என்று உள்ளே ஒரு ரொட்டி.

பிட்டுத் தின்றேன்.