லேஸ் இல்லாத பூட்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு யோகன் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இந்த டென்மார்க் மீன் ஆலை நம் தீவு மாதிரி இல்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பவன் நான் ஒருவன்தான். கூச்சத்தில், லேஸ் கட்டுவதுபோல மேஜைக்கடியில் குனிந்து ஜெபித்துவந்தேன். திங்களன்று எதிரே உட்கார்ந்திருந்த, என்னோடு வேலை செய்யும் பிரேபென் சிரித்தார்.

“டேய், நீ போட்டிருக்கிறது ரப்பர் பூட்ஸ். அதுல ஏதுடா லேஸ்?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“குனிஞ்சதுதான் குனிஞ்சே, என் மக சிக்னேவுக்கும் சேர்த்துச் சொல்லிடு. நாளைக்கு அவளுக்கு ஹார்ட் ஆபரேஷன்.”

அன்று நிமிர்ந்து உட்கார்ந்தே, வாய்விட்டு ஜெபித்தேன்.

ஆபரேஷன் முடிந்தும் சிக்னே இன்னும் கண் திறக்கவில்லை, நீங்களும் ஜெபியுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி பின்னி அனுப்புங்கள். ஒரு ஜோடி மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, வருகிறேன் அம்மா. நான் போய் உட்காராமல் பிரேபென் கரண்டியைத் தொடமாட்டேன் என்கிறார்.