சவுக்கு மரத்தடியில் விழுந்த பந்து

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வரலாறு வந்து கதவைத் தட்டியது. திறந்தால் அக்கா மகள். கையில் ஒரு கோப்பு, முகத்தில் ஒரு முழம் கவலை.

கடற்கரைச் சாலை சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் அவளுக்கு இன்னும் தற்காலிக வேலைதான். விடுதிகளுக்கு வருகிற எல்லாரும் அந்த ஒரே பெரிய கோல்ஃப் மைதானத்துக்குத்தான் போகிறார்களாம். இந்தக் கரையோரத்தில் யாருக்கும் தெரியாத சின்ன மைதானங்கள் ஐந்தைத் தேடிப் பிடித்து, மாதத்துக்குள் கையேடு எழுதி முடிக்க வேண்டும் என்று மேலதிகாரி அம்மாள் உத்தரவு. நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். சொதப்பினால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"மாமா, உங்களுக்கு கோல்ஃப் பத்தித் தெரியும்தானே?"

"தெரியுமாவா? அந்தப் பந்தக் கேட்டுப் பாரு, என்னைத் தெரியும்னு சொல்லும்."

இருபத்தாறு ஆண்டுகள் விடுதி வேனில் விருந்தாளிகளை அந்தப் பெரிய மைதானத்துக்கு ஏற்றிச் சென்றவன் நான். வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதை யாரும் கேட்கவில்லையே.

மார்ச் 5, வியாழன்

அக்கா குறுக்கே புகுந்துவிட்டாள். "டேய், உன்னைத் தனியா விட்டா கடலே நாலு இருக்குன்னு எழுதிருவ. வர்ணனை நீ எழுது, அளவெல்லாம் இவர் எழுதட்டும்."

'இவர்' என்பது மச்சான். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கல்யாணமான முப்பது வருடத்தில் என்னிடம் இருநூறு சொற்கள் பேசியிருப்பார். அதில் நூற்றிருபது 'அப்படியா'. உலகத்தை நாடாவில் அளந்து சின்ன எழுத்தில் குறித்துக்கொள்வார். மூச்சுவிடுவதைக்கூடக் குறித்துவைப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

மார்ச் 8, ஞாயிறு

படையெடுப்பு தொடங்கியது. இரண்டு மைதானங்கள் வீழ்ந்தன.

முதலாவது மீன்பிடித் துறைமுகத்தின் பின்பக்கம். அடித்த பந்தைக் காக்கை தூக்கிக்கொண்டு போகிறது. நான் எழுதியது: 'இங்குள்ள காக்கைகள் பந்துகளை அடைகாக்கின்றன. சென்ற ஆண்டு ஒன்று பொரிந்தது.' மச்சான் பக்கத்திலேயே பென்சிலால் எழுதினார்: 'காக்கை ஒன்று. பந்து ஒன்று. பொரிக்கவில்லை.'

இரண்டாவதன் குறுக்கே இரயில் தண்டவாளம். வண்டி வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கையசைக்க வேண்டும். ஓட்டுநரும் அசைக்கிறார். இறங்கி ஒரு குழி ஆடிவிட்டுப் போனார் என்று எழுத என் கை துறுதுறுத்தது. மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 11, புதன்

மூன்றாவது உப்பளத்தின் ஓரம். மருந்துக்குக்கூடப் புல் கிடையாது. ஆளுக்கொரு பாய்த் துண்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், அதை விரித்து அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். நான்காவதில் மேடு அப்படியொரு மேடு. ஏறிப்போகக் கயிறு கட்டியிருக்கிறார்கள். பாதிக் கயிற்றில் நான் உயில் எழுதத் தயாரானேன்.

"மச்சான், எவ்வளவு உயரம்?"

"பதினோரு மீட்டர்."

"மேகம் காலுக்குக் கீழ போச்சே!"

"அப்படியா."

மார்ச் 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்த நோட்டில் இப்படி எழுதுவது இதுவே முதல் முறை.

ஐந்தாவது மைதானம் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால். ஒன்பதே குழிகள், மூன்று பக்கம் கடல். பார்த்துக்கொள்வது ஒரே ஒரு அம்மாள். புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடியே ஊரை ஆள்கிறார். "சும்மா பாத்தா என்ன தெரியும்? அடிச்சுப் பாருங்க" என்று ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

ஏழாம் குழி. சாய்ந்த சவுக்கு மரத்தடியில் குழியைக் காட்டும் கொடி. என் வாழ்க்கையின் முதல் அடி. கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். பந்து மரத்தில் பட்டது, வெள்ளைக் கல்லில் பட்டது, உருண்டது, குழிக்குள் விழுந்தது. ஒரே அடியில்!

"மச்சான்! பாத்தீங்களா?"

நோட்டில் குனிந்திருந்தார். "எத?"

எத என்று கேட்டாரே!

மார்ச் 14, சனி

அக்கா வீட்டில் சாப்பாடு. சொன்னேன். அக்கா மகளுக்குச் சிரித்துப் புரையேறியது. அக்கா சொன்னாள்: "போன மாசம் திமிங்கலம் உன்னைப் பாத்து வால ஆட்டுச்சு. இந்த மாசம் இதுவா?"

மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் விடவில்லை. பந்து கல்லில் பட்ட கட்டம், கதை உச்சத்தில் இருந்தது.

மார்ச் 18, புதன்

கையேட்டின் கையெழுத்துப் படியில் ஐந்தாவது மைதானத்துக்கு நான் எழுதியது இரண்டே வரி. 'ஏழாம் குழி சாய்ந்த சவுக்கு மரத்தடியில் உள்ளது. முதல் அடியிலேயே பந்து விழும் இராசியான குழி.' அவ்வளவுதான். என் தரத்துக்கு அது மௌன விரதம்.

மேலதிகாரி அம்மாள் இன்று அங்கே நேரில் போயிருக்கிறார். மரத்தடியில் குழி இல்லை. ஏழாம் குழி அந்தப் பக்கம், கல்சுவர் ஓரத்தில் இருக்கிறதாம். "இது பொய்னா மத்த நாலையும் எப்படி நம்புறது?" என்று கேட்டாராம். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அக்கா மகள் தொலைபேசியில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரே ஒரு தடவையாவது, மாமா..." என்றாள். வைத்துவிட்டாள்.

குழி அங்கதான்டா இருந்துச்சு. கைய விட்டுப் பந்த எடுத்தேனே. எடுத்தேனா? — சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சா? அந்தப் புள்ள வேலையில மண்ண அள்ளிப் போட்டுட்டேனே.

மார்ச் 19, வியாழன்

மச்சானிடமிருந்து அழைப்பு. முப்பது வருடத்தில் முதல் அழைப்பு. "திங்கக்கிழம பத்து மணிக்கு அங்க வா. மேலதிகாரி அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன்." எண்ணிப் பார்த்தேன். இரண்டே வரி. வைத்துவிட்டார்.

மார்ச் 23, திங்கள்

மேலதிகாரி அம்மாள், அக்கா மகள், மச்சான், குற்றவாளி. நான்கு பேரும் சவுக்கு மரத்தடியில். குழி இல்லை. புல்தான்.

புல்வெட்டும் அம்மாள் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "குழிய நான் தெனம் காலைல மாத்துவேனே! ஒரே எடத்துல இருந்தா மிதிச்சு மிதிச்சுப் புல்லு செத்துரும். புது எடத்துல வட்டமா வெட்டி, அந்த மண்ணப் புல்லோட எடுத்துப் பழைய குழிய அடைச்சிருவேன். எல்லா மைதானத்துலயும் இதானே வழக்கம்?"

இருபத்தாறு வருடம்! வண்டி நிறுத்துமிடத்தில் இதை யாரும் சொல்லவில்லை.

"சரி, பதிமூணாந்தேதி இங்கயா இருந்துச்சு?" என்றார் மேலதிகாரி அம்மாள்.

"பத்து நாளாச்சேம்மா. யாருக்கு ஞாபகம்?"

மச்சான் நோட்டைத் திறந்தார். நாடாவை விரித்தார். மரத்திலிருந்து நான்கு மீட்டர் இருபது. வெள்ளைக் கல்லிலிருந்து இரண்டு மீட்டர் எழுபது. இரண்டும் சேர்ந்த இடத்தில் மண்டியிட்டுப் புல்லை விரலால் விலக்கினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம். ஒட்டுப்போட்ட சட்டைபோல, சுற்றியுள்ள புல்லைவிடக் கொஞ்சம் வெளிர்.

பிறகு படித்தார். "பதிமூணு மூணு. காலை பத்து நாப்பது. ஏழாம் குழி. நீளம் தொண்ணூத்தி நாலு மீட்டர். மாப்பிள்ளை அடித்தார். பந்து மரத்தில் பட்டு, கல்லில் பட்டு, குழியில் விழுந்தது. ஒரே அடி."

நோட்டை எட்டிப் பார்த்தேன். அவர் எழுத்தேதான். "யோவ் மச்சான், பாத்துட்டு 'எத'ன்னு கேட்டீங்களே!"

"மரத்துல பட்டதையா, கல்லுல பட்டதையா, விழுந்ததையான்னு கேக்க வந்தேன் மாப்ளே. அதுக்கப்புறம் நீ என்னைப் பேசவே விடல."

அக்கா மகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று நான் விசாரிக்கவில்லை. மேலதிகாரி அம்மாள் மச்சானின் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதுல இருக்கறத அப்படியே போடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கயிறும் பாய்த் துண்டும் இருக்கட்டும். காக்கை முட்டை வேணாம்."

ஏப்ரல் 6, திங்கள்

கையேடு வந்துவிட்டது. ஐந்தாம் பக்கத்தில்: 'குழிகள் நாள்தோறும் இடம் மாறும். காலையில் கேட்டுக்கொண்டு ஆடவும்.' நிரந்தர ஊழியரான அக்கா மகள் முதல் பிரதியை அவள் அப்பாவுக்குக் கொடுத்தாள். இரண்டாவது எனக்கு. வரிசை சரிதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மச்சானோடு கலங்கரை விளக்க மைதானம், நான்காவது வாரம். ஒன்பது குழிகளுக்கு நான் அடித்தது நூற்றுப் பதினான்கு. இரண்டு பந்துகள் கடலுக்குள்.

திருத்தம்: நூற்றுப் பதினாறு. மச்சான் எண்ணினார்.