கம்பளிக்காரியின் இரண்டு தட்டுகள்

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்து, பழைய ரெக்கார்டு ஒன்றை உறையிலிருந்து உருவினேன். குப்பென்று அதே வாசனை. பூஞ்சணமும் சவர்க்காரமும் கலந்தது. ஹட்டன் பனி நம் இரண்டு பேர் முழங்காலுக்குள்ளேயே ஏறிவிட்டது; சீமைப் பாட்டை மட்டும் விட்டுவைக்குமா? மூன்று தடவை தும்மினேன். நீ இருந்திருந்தால் "தட்டு மேல எச்சி படுதுடா எரும" என்று சத்தம் போட்டிருப்பாய். சத்தம் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தட்டுகள் வந்த நாள் நினைவிருக்கிறதா? தோட்டத்துப் பங்களாவை வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலாக மாற்றினார்கள். அங்கே அப்புவாகச் சமைத்துக்கொண்டிருந்த உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். போகிற போக்கில் பழைய துரை விட்டுப்போன பாட்டுப் பெட்டியையும் குப்பையில் போடச் சொன்னார்கள். நீ தேயிலைக் கொழுந்துச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேராக என் பழைய சாமான் கடைக்கு வந்தாய்.

"என்ன மச்சான், பங்களாவுல கடைசியா சுட்ட தோசையா? இம்புட்டுக் கருகியிருக்கு" என்றேன்.

"வாய மூடிட்டு மெதுவா எறக்குடா. இதெல்லாம் துரை சீமையில இருந்து கொண்டாந்தது."

எல்லாம் சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடிய சோல் பாட்டுகள் என்று பிறகுதான் தெரிந்தது. நம் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. ஆகவே நாமே பெயர் வைத்தோம். மூக்கால் பாடுகிறவன் ‘சளிக்காரன்’. கெஞ்சிக் கெஞ்சிப் பாடுகிறவன் ‘சம்பளநாள் கணவன்’. கனத்த குரலில், மழைக்குப் போர்த்திய கம்பளி மாதிரி கதகதப்பாகப் பாடுகிறவள் ‘கம்பளிக்காரி’. அவள் பாட ஆரம்பித்தால் நீ கண்ணை மூடிக்கொள்வாய். நான் உன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்ப்பேன்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு ஐயா தட்டு தேடி வர ஆரம்பித்தார். அசல் மட்டும்தான் வேண்டும் என்பார். கண்டிக்காரன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன பெட்டியில் கள்ள அச்சு கலந்து கிடந்ததால், நீ வித்தியாசம் பிடிக்கப் பழகினாய். போனில் வீடியோ பார்த்தாய், துரையின் தட்டோடு ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்தாய். பாட்டு முடிகிற இடத்தில், நடுவில் ஒட்டிய காகிதத்தைச் சுற்றி ஒரு வெறும் வளையம் இருக்கிறதே, அதில் நகத்தை ஓட்டுவாய். அசலில் அந்த வளையத்து எழுத்து பெரும்பாலும் அச்சுக் குத்தினாற்போல ஒரே ஆழம். கள்ளத்தில் ஆணியால் கீறினாற்போல ஏறி இறங்கும். நடுக் காகிதத்து எழுத்தும் நனைந்த பேப்பர் மாதிரி கசிந்திருக்கும்.

"ஆனா அசல்லயும் சிலது கையால கீறியிருப்பானுங்க. வெரல மட்டும் நம்பக்கூடாதுடா, காதும் வேணும்" என்பாய்.

கம்பளிக்காரி நம்மிடம் இரண்டு இருந்தாள். ஒன்று துரையுடையது, மற்றது கண்டிப் பெட்டியில் வந்தது. கண்டிக்காரியைச் சவர்க்காரம் போட்டு எத்தனை தடவை கழுவியும் ஒரே இடத்தில் கரகரத்தது. நான் இன்னும் கொஞ்சம் தேய்க்கப் போனேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அது நம்ம தூசி இல்லடா. வேற யாரோ வீட்டுத் தூசி. யாரோ போட்டுத் தேஞ்ச தட்டுல இருந்து எடுத்து அடிச்சிருக்கான். அந்தக் கீறலும் சேந்து பதிஞ்சிருக்கு."

அசல் உறையின் மூலையில் பென்சிலால் ஒரு சரி போடுவாய். கள்ளத்துக்குப் பெருக்கல் குறி. கொழும்பு ஐயா உன் சரியைப் பார்த்தால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார். அந்தப் பெயர் உனக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வேலையைச் செய்தேன்.

மச்சான், இரண்டு கம்பளிக்காரிகளையும் உறை மாற்றிப் போட்டது நான்.

வேறொன்றுக்கும் இல்லை, சும்மா விளையாட்டுக்கு, பகிடிக்கு. நீ கண்டுபிடித்து என்னைத் திட்டுவாய், நான் சிரிப்பேன், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அன்றைக்குப் பார்த்துக் கல்யாண வீட்டில் பலாக்காய் வெட்டிய உன் கட்டைவிரலில் கட்டு. அன்றைக்குப் பார்த்து ஐயாவும் வந்தார், அடுத்த ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில். நான் பிளேன்டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நீ உறை மேல் போட்ட சரியை நம்பிக் கம்பளிக்காரியை எடுத்துக் கொடுத்துவிட்டாய். அவர் படியேறிப் போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். கையில் டீ சுட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாளில் போன் வந்தது. "கோவிச்சுக்காதீங்க, அந்தக் கரகரப்பு கேக்குதே" என்று ஐயா தன்மையாகத்தான் சொன்னார். நீ எழுந்து போய் மற்ற உறையைத் திறந்தாய். துரையின் தட்டு உள்ளே இருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"கழுவிக் காயப்போட்டப்ப நான்தான் மாத்திப் போட்ருக்கேன்டா. எனக்கு ஞாபகமே இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாய்.

"எங்கப்பாவுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல சீனி டப்பாவுல உப்பக் கொட்டுனாரு. கடைசியில என்னையே நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. "பேர எழுதிக் கழுத்துல தொங்கவிட்டுக்க மச்சான், பஸ்காரன் ஒன் ஊரு வட்டவளையில எறக்கி விட்ருவான்" என்றேன். நீ சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

அசலை ஐயாவுக்கு அனுப்பிவைத்தாய். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து, நீ போட்ட ஒவ்வொரு சரிக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாய். நாளைக்குச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். உனக்கு இருந்தது கோபமே இல்லை என்று தெரிந்தும் தள்ளிப்போட்டேன். மழை தொடங்கிய வாரம், பஸ்ஸில் ஏறப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய்; பிறகு எழுந்திருக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ஐயா வந்தார். உன் முக்காலியைப் பார்த்துவிட்டு, "பாவம், கடைசியில அவருக்கு ஞாபக மறதி வந்துட்டுதாமே" என்றார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இத அவருகிட்ட சொன்னீங்களா?"

மறுநாளே வட்டவளைக்குப் போய் உன் சம்சாரத்திடம் சொன்னேன். தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

"அதுக்காகத்தானாண்ணே? தெனம் காலையில முகங்கழுவுனதும் புள்ளைங்க பேர், பேரப்புள்ளைங்க பேர் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லுவாரு. சாமி கும்புடுறாருன்னுல்ல நெனச்சேன்."

திட்டும் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்ப அவரு நல்லாத்தான் இருந்தாரு, இல்லண்ணே?"

"நல்லாத்தான் இருந்தாரு தங்கச்சி. நான்தான் நல்லா இல்ல."

அதனால்தான் இன்று காலையிலிருந்து இந்த வேலை. உறைகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொரு தட்டிலும் நகத்தை ஓட்டி, போட்டுக் கேட்டு, உன் கேள்விக்குறிகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் ஒரு சரியும் தப்பில்லை, மச்சான். சளிக்காரன் அசல். சம்பளநாள் கணவன் அசல். உன் அப்பாவின் நோய் உன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்றில் மட்டும் கை நின்றுவிட்டது. வளையத்தில் எழுத்து கையால் கீறியது; பாட்டோ கழுவின கண்ணாடி மாதிரி சுத்தம். நாலு தடவை கேட்டேன். நீ இதற்குக் கேள்விக்குறி போட்டது பயத்திலா, நிஜமாகவே சந்தேகத்திலா? அழிக்க மனம் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் ஏதாவது பகிடி சொல்லித் தப்பிக்கிறவன் நான். இதை யாராவது எடுத்துக் கேட்டால், "தெரியாதுங்க" என்று சொல்லப்போகிறேன். "தெரிஞ்சவன் இருந்தான். நான் அவன்கிட்ட கேக்கல."