அந்த ‘வா’ உனக்கல்ல, மாணிக்கம்

என் அருமைத் தம்பி மாணிக்கம்,

பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் நீ கோபித்துக்கொள்வாய். வெளியூருக்குக் கிரிக்கெட் ஆடப் போகும்போதெல்லாம் பண்டாரவளை வரை மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டே, என் சொந்தத் தம்பிகள் அண்ணனைக் கூப்பிடுவது போலவே, “நானா, நான் சாவறதுக்குள்ள நம்ம ஊருக்கு ரயில் வந்துருமா?” என்று கேட்பாயே. வந்துவிட்டது. நீதான் இல்லை.

கடையைச் சாத்திவிட்டு நானும் போய்ப் பார்த்தேன். ஆளாளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள், என் பங்கைப் பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். இங்கே ஏறினால் நேரே கொழும்பில் இறங்கலாம் என்கிறார்கள். அந்தக் கொழும்புக்கு நீ ஏன் ஆடப் போகவில்லை என்று நம் டவுன் அணியில் இன்னும் பேச்சு நடக்கிறது. “கிளாக்கர் ஐயா பயந்துட்டாரா நானா?” என்று புதிதாகச் சேர்ந்த ஒருவன் என்னிடமே கேட்டான். அவனை ஓர் அறை அறையாமல் விட்டது பெரிய காரியம். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை உனக்கு எழுதுகிறேன்.

நீ கணக்கெழுதும் கிளாக்கராக வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரப் பெரிய துரைதான் நம் ஊவா மாகாண அணிக்குக் கேப்டன். அதுவரை அந்த அணியில் ஆடியவர்கள் எல்லோரும் தோட்டத்துத் துரைமார்தான். நம் டவுன் அணியோடு ஒரு மேட்ச் ஆடிப் பார்த்து, நன்றாக அடிக்கும் ஒருவனைக் கொழும்புக்குக் கூட்டிப் போவதாக அவர் சொல்லியிருந்தார். நான் நம் அணிக்குக் கேப்டன் என்றாலும் துணிக்கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி வைத்தவன். எனக்கு அந்த ஆசையே இல்லை. அந்த இடம் உனக்குத்தான் என்று பஜாரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு நீ ஆடிய ஆட்டம்! வேகமாகப் பந்து போட்ட சின்னத் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. மறுமுனையில் நின்ற எனக்கு மட்டை எதற்கு என்றே தோன்றியது. பார்த்துக்கொண்டிருந்தால் போதும் போலிருந்தது.

பிறகு ஒரு பந்து உன் மட்டையில் படாமல் விக்கெட் கீப்பர் கைக்குப் போனது. அதே நேரம் மைதானத்து ஓரத்தில் கட்டியிருந்த துரையின் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டது. உனக்குப் பக்கவாட்டில் நின்ற துரை, குதிரைக்காரனைப் பார்த்துக் கத்தினார்.

“வா! இங்க வா!”

நீ போனாய். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, கோட்டை விட்டு இறங்கித் துரையை நோக்கி விறுவிறுவென்று நடந்தாய். தோட்டத்து ஆபீஸில் அந்தக் குரல் கேட்டால் எப்படிப் போவாயோ அப்படியே போனாய். கீப்பர் ஸ்டம்பைத் தட்டிவிட்டார். அவுட்.

மைதானமே சிரித்தது. நம்மவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள், அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. துரை முதலில் விழித்தார். அப்புறம் அவரும் சிரித்துவிட்டு, “உன்னை இல்லை. குதிரைக்காரன்! பரவாயில்லை, போ, போய் விளையாடு” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முதல் தடவையாக நீ அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கூடாரத்தைப் பார்த்து நடந்துவிட்டாய்.

துரை வாக்குத் தவறவில்லை. உன்னை ஊவா அணியில் சேர்த்துவிட்டதாக என் கடைக்கே ஆள் அனுப்பிச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ வந்ததும் சொன்னேன். நீ சிரிக்கக்கூட இல்லை.

“நான் போகலீங்க நானா.”

“ஒனக்கென்ன பைத்தியமா?”

“அங்கயும் அவருதானே கேப்டன்? வா, போ, அங்க நில்லுன்னு கூப்பிடுவாரு. ஆட்டத்துல கேப்டன் கூப்பிடறாரா, தோட்டத்துல துரை கூப்பிடறாரான்னு என் காலுக்குத் தெரிய மாட்டேங்குதே.”

“நானும்தான் ஒன்னைய வா போன்னு கூப்பிடறேன்.”

“நீங்க கூப்பிட்டா நான் வராமலும் இருக்கலாம். கோவிச்சுக்குவீங்க, அவ்வளவுதான்.”

அந்த மழைக்காலத்திலேயே உனக்குக் காய்ச்சல் கண்டது. பதுளை ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி நின்ற தோட்டத்துச் சனம் உன்னை “ஐயா, கண்ணத் தொறந்து பாருங்க” என்று கெஞ்சியது. நீ பார்க்கவில்லை.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் உன்னை “வாங்க ஐயா” என்பார்கள். தோட்டத்தில் துரை ஒருவர்தான் உன்னை ‘வா’ என்பார். ஆட்டத்திலாவது இவரை மரியாதையாகக் கூப்பிடுங்கள் என்று துரையிடம் யார் போய்ச் சொல்வது? நீ சொல்ல முடியாது. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா, சிரித்திருப்பாரா? அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் ‘வாங்க’ என்று ஒரு சொல் இருப்பதையே சொல்லவில்லையோ என்னவோ. இப்போது அவரும் சீமைக்குப் போய்விட்டார். இனி யாரிடம் கேட்பது?

நம் அணியில் புதிதாக ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். ஓட்டம் எடுக்கக் கூப்பிட்டால் சின்னவன் பெரியவன் பார்க்காமல் ‘வாங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். “நானா, அதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பந்து வந்துருதே!” என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள். உண்மைதான். போன சனிக்கிழமை நானே அப்படித்தான் அவுட்டானேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு கூடாரத்துக்குப் பின்னால் போய் அழுதேன், தம்பி.

எத்தனை மேட்ச் தோற்றாலும் சரி. நான் கேப்டனாக இருக்கும்வரை, வராமல் இருக்க முடியாதபடி ஒருவனை இன்னொருவன் கூப்பிட இந்த மைதானத்தில் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உயிரோடு இருந்தபோது ஒருநாளும் உன்னை ‘வாங்க’ என்று கூப்பிடாத
உன் நானா,
கரீம்